தமிழ்மணி போனில் கட்டிய சூளை

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சூளை கொளுத்துகிறவர்கள் எல்லாரும் மீட்டரைப் பார்த்துக் கொளுத்துவார்கள். தமிழ்மணி மட்டும் சூளைக் கதவில் இருக்கும் சின்னத் துவாரத்தில் கண்ணை வைத்து, நெருப்பின் நிறத்தைப் பார்த்துக் கொளுத்துவார். மீட்டர் மக்கர் பண்ணினால் பக்கத்து யூனிட்காரர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். "செவப்பு போயிடுச்சி. மஞ்ச ஏறி வெளுக்குது. இன்னும் அரை மணி" என்று அவர் சொன்னால் அரை மணிதான். அதற்கு மேல் பத்து நிமிஷம் விட்டால் உள்ளே இருக்கும் பொம்மைகள் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

விருத்தாசலத்துக்கு மேற்கே பஸ் தூரத்தில் இருக்கும் மங்களூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பாவுக்கு மானாவாரியில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். மழை ஏமாற்றிய ஒரு வருஷம், பதினேழு வயதில் பஸ் ஏறி விருத்தாசலம் வந்து, ஒரு யூனிட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டை அடுக்கும் வேலையில் சேர்ந்தார். அடுக்கிக்கொண்டே சூளை பழகினார். பூதாமூரில் வாடகை வீடு பிடித்தார். பூங்கோதையைக் கட்டினார். இரண்டு பெண்பிள்ளைகள். நாற்பத்திரண்டு வயது வரைக்கும் அவர் வாழ்க்கையை யார் கேட்டாலும் நாலு வரியில் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு நடந்ததை அவரே சொன்னாலும் முன்னுக்குப் பின்னாகத்தான் வரும்.

நாற்பத்திரண்டாவது வயதில் அவர் வேலை செய்த யூனிட்டை மூடிவிட்டார்கள். கேஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அந்தச் சமயத்தில் சூடான் நாட்டில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்குச் சூளை ஆள் வேண்டும் என்று ஏஜெண்ட் ஒருவர் வந்தார். தமிழ்மணியும், பளபளப்புக்குக் கிளேஸ் அடிக்கிற பிரிவில் இருந்த பெண்ணாடத்து ராஜ்மோகனும் கிளம்பினார்கள். ராஜ்மோகனுக்கு முப்பத்தொரு வயது. சமையல் சுத்தமாக வராது. அங்கே போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மனைவி அன்புக்கரசிக்கு வீடியோ கால் போட்டு, புளியை எவ்வளவு கரைப்பது, எப்போது அடுப்பை அணைப்பது என்று கேட்டுக் கேட்டுக் குழம்பு வைப்பான். அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். இருநூறு பிள்ளைகளுக்கு அளவு தெரிந்தவளுக்கு இரண்டு பேருக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே குழம்பு எப்போதும் ஒரு அண்டா வரும். இரண்டு பேரும் மூன்று நாள் சாப்பிடுவார்கள்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. நோன்பு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் சண்டை ஆரம்பித்தது.

யாருக்கும் யாருக்கும் சண்டை என்று தமிழ்மணிக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பட்டாளமே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது என்று சொன்னார்கள். நம் அரசாங்கம் கப்பல் அனுப்பியிருக்கிறது, துறைமுகத்துக்குப் போய்விட்டால் ஊர் திரும்பலாம் என்றும் சொன்னார்கள். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில்தான் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கம்பெனி லாரி டிரைவர் தன் ஊர் தெற்கே மலைப்பக்கம் என்றும், அங்கே சண்டை இல்லை என்றும் கையைக் காட்டிச் சொன்னார். வேறு வழி தெரியாமல் ஏறிக்கொண்டார்கள்.

கிளம்பிய நாலாம் நாள் மதியம் ரோட்டில் மறித்தார்கள். ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் இருபது வயதுக்குள்தான் இருக்கும். ஒருவன் தலையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தான். இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. இறங்கச் சொன்னான், இறங்கினார்கள். அடுத்து என்னவோ கத்தினான். டிரைவர் இரண்டு கையையும் தூக்கினார். அவரைப் பார்த்துத் தமிழ்மணியும் தூக்கினார். ராஜ்மோகன், பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டு பேண்ட் பைக்குள் கையை விட்டான். மஞ்சள் துணிக்காரன் சுட்டுவிட்டான்.

சுட்ட பிறகு அவனே கொஞ்ச நேரம் அப்படியே நின்றான் என்பதுதான் தமிழ்மணிக்கு ஞாபகம். பிறகு போன், பணம், பை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். டிரைவரும் தமிழ்மணியும் ரோட்டோரத்தில் லாரியின் இரும்புத் தகட்டால் பள்ளம் தோண்டி ராஜ்மோகனைப் புதைத்தார்கள். ஆள் ஆழத்துக்குத் தோண்ட முடியவில்லை. மேலே கல் வைத்தார்கள்.

அங்கிருந்து இரண்டு நாள் பயணம். வழியிலேயே தமிழ்மணிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. டிரைவர் அவரை மலையடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் தன் ஊருக்குப் போனார். கண் விழித்தபோது வெள்ளை உடுப்பில் ஒரு அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, தமிழா? பயப்படாதீங்க. மலேரியாதான்."

தமிழ்மணி செத்துப்போய்விட்டோம் என்றே நினைத்தார். சொர்க்கத்தில் தமிழ் பேசுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டதில்லை என்றாலும். அந்த அம்மா சிஸ்டர் த்ரேசியா. மலையாளி, சேலத்தில் நர்சிங் படித்தவர், பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஒரே ஒருவர்தான். அவர் எந்த நாட்டுக்காரர் என்று தமிழ்மணி கடைசி வரை கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவர் ஒரு இடத்தில் நின்றதும் இல்லை.

உடம்பு தேறியது. ஆனால் ஊருக்குப் போக வழி இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நாள், ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போனவர், ஒரு நாய் ரத்தக் கட்டுத்துணியைக் கவ்விக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு குழி. பஞ்சு, துணி, ஊசி, ஆப்பரேஷனில் எடுத்தது எல்லாவற்றையும் அதில் போட்டு மண் தள்ளுவார்களாம். நாய்கள் தோண்டிவிடும்.

"எரிச்சிட வேண்டியதுதானே சிஸ்டர்?"

"எதில எரிக்கறது அண்ணா? டீசல் ஜெனரேட்டருக்கே பத்தல."

"டீசல் எதுக்கு? வெறகு போதும். சூளை வாட்டமா இருந்தா அதுவே காத்த இழுத்துக்கும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை. மலையைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கரையான் புற்றுகள் இருந்தன. புற்றுமண் நெருப்புக்கு நிற்கும் என்று தமிழ்மணிக்குத் தெரியும். உடைந்த பானைகளைப் பொறுக்கி, இடித்துப் பொடியாக்கி, புற்றுமண்ணோடு கலந்து கல் அறுத்தார். சுட்ட பொடி கலந்தால்தான் மண் சூட்டில் வெடிக்காது. கூட வேலை செய்ய குக்கு என்று உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வந்தார். இவர் பேசுவது அவருக்குத் தெரியாது, அவர் பேசுவது இவருக்குத் தெரியாது. கையைக் காட்டியும் திட்டியும் இருபது நாளில் நெஞ்சுயரத்துக்கு ஒரு சூளையும் அதற்கொரு புகைபோக்கியும் எழுப்பிவிட்டார்கள். முதல் தடவை கொளுத்தி, கரும்புகை போய் நிறமில்லாத புகை வந்தபோது, குக்கு தமிழ்மணியின் முதுகில் ஓங்கி அறைந்தார். அது பாராட்டு என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த ஆளைக் கொண்டுவந்தார்கள்.

எங்கேயோ பெரிய சண்டை. மாட்டு வண்டியிலும் தோளிலுமாகக் காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில் இல்லாமல் மரத்தடியில் படுக்க வைத்தார்கள். சிஸ்டர் ஓடி வந்து தமிழ்மணியின் கையில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைக் கொடுத்தார். "அண்ணா, ஸ்டாண்டு இல்ல. இதைத் தூக்கிப் பிடிங்க. எறக்கிடாதீங்க, எறக்கினா ரத்தம் திரும்ப ஏறிடும்." சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

தமிழ்மணி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். தலையில் மஞ்சள் துணி. இடது புருவத்தின் மேல் தழும்பு.

ஒரு மணி நேரம் இருக்கும். வலது கை மரத்துப்போனதும் இடது கைக்கு மாற்றினார். பிறகு மறுபடி வலது. கீழே படுத்திருந்தவன் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தான். அவனுக்கு இவரைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. பாட்டில் தீர்ந்ததும் சிஸ்டர் வந்து ஊசியைக் கழற்றினார். அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தமிழ்மணி காலி பாட்டிலோடு சூளைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஐந்து மாதம் கழித்து, மருந்து கொண்டுவந்த சின்ன விமானத்தில் இடம் கிடைத்து, எங்கெங்கோ இறங்கி ஏறி விருத்தாசலம் வந்து சேர்ந்தார். வந்த இரண்டாம் நாளே பெண்ணாடம் போய் அன்புக்கரசியைப் பார்த்தார். ராஜ்மோகன் எப்படிச் செத்தான் என்று சொன்னார். எங்கே புதைத்தோம் என்று சொன்னார். பாட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை. பூங்கோதையிடமும் சொல்லவில்லை.

எஸ்டேட்டில் வேறொரு யூனிட்டில் மறுபடியும் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் அகல் விளக்கும் பொம்மையுமாக ஓடியது. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் விடாமல் சத்தம் போட்டது. வாட்ஸப்பில் ஏழு வாய்ஸ் மெசேஜ். மிஷன் ஆஸ்பத்திரியில் புதிதாக நெட் வசதி வந்து, ஞாயிறன்று ஒரு மணி நேரமும் நடுவில் எப்போதாவதும் சிக்னல் கிடைக்கிறதாம். பேசினது எல்லாம் ஒன்றாக, தலைகீழாக வந்து சேர்ந்திருந்தது. முதலில் திறந்ததில் சிஸ்டர் த்ரேசியா, "அதனால அந்தச் சுவர மொத்தமா இடிச்சிடலாமா அண்ணா?" என்று கேட்டார். அடுத்ததில், "ரெண்டு விரல் உள்ள போகுது." அதற்கடுத்ததில் யாரோ அரபியில் கோபமாகப் பேசினார்கள். கடைசியாகத் திறந்ததில்தான், "அண்ணா, சௌக்கியமா? நம்ம சூளையில விரிசல் விட்டிருக்கு" என்று இருந்தது.

கோபக் குரல் குக்குவுடையது. அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் தமிழ்மணிக்கு ஓடவில்லை. எஸ்டேட்டுக்கு எதிரே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பரக்கத்துல்லா பதினாலு வருஷம் சவூதியில் இருந்தவர். போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்.

பரக்கத்துல்லா மூன்று தடவை கேட்டார். நெற்றியைச் சொறிந்தார்.

"ஏன் தமிழு, அங்க அத்திப்பழம் நெறைய வெளையுமா?"

"தெரியலியே பாய். எதுக்கு?"

"அத்திப்பழத்த நல்லாக் கொழைச்சிப் பூசினேன், நிக்கலைங்கிறான் இவன். அத்திப்பழத்த எதுக்குய்யா சொவுத்துல பூசணும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது தடவை கேட்டபோது பரக்கத்துல்லா தலையில் அடித்துக்கொண்டார். "மண்ணுய்யா! ரெண்டும் ஒரே மாதிரி சொல்லுவாங்க. இவன் பேசுற அரபி வேற, சந்தையில பேசுற கொச்சை அரபி, எனக்கு மட்டுப்படல."

விஷயம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. மழையில் சுவர் ஊறியிருந்திருக்கிறது. குப்பை அதிகம் சேர்ந்துவிட்டது என்று ஒரே நாளில் பெரிய நெருப்பாகப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளந்துவிட்டது. நாய்கள் மறுபடியும் குழிக்கு வந்துவிட்டனவாம்.

வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று தமிழ்மணிக்குத் தோன்றியது. முதலாளியிடம் கேட்டு, யூனிட்டின் பின்பக்கத்துக் காலி இடத்தில் அதே மாதிரி ஒரு சின்னச் சூளை கட்டி, அதிலும் விரிசல் விட வைத்து, அதை எப்படி அடைப்பது என்று ஒவ்வொரு படியாகப் படம் எடுத்து அனுப்ப முடிவு செய்தார். மண் அதே மண்ணாக இருக்க வேண்டும். சாக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ப் புற்றை இடித்து அள்ளி வந்தார்.

பூங்கோதைக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"புத்த இடிச்சிட்டா வந்தீங்க? ஊரே பால் ஊத்திக் கும்புடுது. வயசுக்கு வந்த பொண்ணு வூட்ல இருக்குது."

"அது பாழ் புத்து. பாம்பு கெடையாது."

"இருக்கட்டும். அவங்க யாருங்க நமக்கு? சொந்தமா, பந்தமா? நீங்க வேதத்துல சேந்து கிறிஸ்தவராயிட்டீங்கன்னு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில பேசிக்கிறாங்களாம். பாய் கடையே கதின்னு கெடக்கிறதால இல்ல இல்ல துலுக்கனாயிட்டாருன்னு இன்னொருத்தரு சொல்றாராம். எனக்கே ஒன்னும் புரியல. நீங்களாவது சொல்லுங்க, எதுக்குச் செய்யிறீங்க?"

தமிழ்மணி யோசித்துப் பார்த்தார். காய்ச்சலில் கிடந்தபோது காப்பாற்றினார்கள், அதற்குக் கைம்மாறு என்று சொல்லலாம். அது முழுக்க உண்மை இல்லை. கட்டினது தன் சூளை, விரிசல் விட்டால் தன் பெயர்தான் கெடும் என்று சொல்லலாம். அதுவும் முழுக்க உண்மை இல்லை. கடைசியில், "தெரியல பூங்கோத. கேக்கிறாங்க, எனக்குத் தெரிஞ்சிருக்குது, சொல்றேன்" என்றார். அவள் புற்றுமண் சாக்கின் மேல் ஒரு மஞ்சள் கிழங்கை வைத்து, சூடம் கொளுத்திவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு ஞாயிறும் பரக்கத்துல்லாவின் கடையில் இது நடந்தது. தமிழ்மணி தமிழில் சொல்வார். பரக்கத்துல்லா சவூதி அரபியில் சொல்வார். குக்கு மலையிலிருந்து தன் சந்தை அரபியில் பதில் அனுப்புவார். விரிசலை மேலோடு பூசாமல், புது மண் உள்ளே இறங்கிப் பிடிக்க முதலில் அதை இன்னும் அகலமாக வெட்ட வேண்டும் என்பதைப் புரிய வைக்கவே இரண்டு ஞாயிறு ஆனது. பிளந்ததை மேலும் பிளக்கச் சொல்கிற ஆள் பைத்தியமா என்று குக்கு கேட்டாராம். பரக்கத்துல்லா அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அன்புக்கரசி யூனிட் வாசலில் வந்து நின்றாள். பெண்ணாடத்திலிருந்து பஸ் பிடித்து, பள்ளிக்கூடத்தில் சமைத்து முடித்த கையோடு வந்திருந்தாள். சேலையில் மஞ்சள் கறை இருந்தது. வா என்று கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"அண்ணே, எங்க ஊர்ல ஒன்னு சொல்றாங்க. நெசமான்னு கேக்கத்தான் வந்தேன். அவரக் கொன்னவங்களுக்கு நீங்க ஏதோ கட்டிக் குடுக்கிறீங்களாமே?"

"அவங்களுக்கு இல்லம்மா. ஆஸ்பத்திரிக்கு."

"அந்த ஆஸ்பத்திரியில யாருக்குப் பாக்கிறாங்க?"

"வர்றவங்களுக்கு எல்லாம்."

"அவனுங்க வந்தா?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்ததை அதற்கு மேல் வைத்திருக்க அவருக்குத் தெம்பு இல்லை. அங்கேயே, வேப்பமரத்தடியில் கிடந்த உடைந்த பலகையில் அவளை உட்கார வைத்து, தான் நின்றபடியே சொன்னார். மஞ்சள் துணி, தழும்பு, பாட்டில், மாற்றி மாற்றிப் பிடித்த கை. எதையும் விடவில்லை.

அன்புக்கரசி அழவில்லை. சேலைக் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவன்தான்னு நிச்சயமா தெரியுமா?"

"அன்னிக்கு நிச்சயமாத் தெரிஞ்சிது. இப்ப, யோசிக்க யோசிக்க…"

"பாட்டில எறக்கியிருந்தா செத்திருப்பானா?"

"தெரியலம்மா."

"பொழைச்சானா?"

"அதுவும் தெரியல. நான் கேக்கல."

"கேளுங்க" என்றாள். "கேட்டு எனக்குச் சொல்லுங்க." எழுந்தாள். "ஏன்ணே எங்கிட்ட சொன்னீங்க? சொல்லாமலே இருந்திருக்கலாம்." சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்மணி பரக்கத்துல்லாவின் கடைக்குப் போகாமல், வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சிஸ்டருக்குத் தனியாக ஒரு மெசேஜ் பேசினார். பேசினதைக் கேட்டுப் பார்த்து அழித்தார். மறுபடி பேசினார். நாலாவது தடவை அனுப்பினார். பின்னால் பூங்கோதை நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது திரும்பியபோதுதான் தெரிந்தது. அவள் அவர் பக்கத்தில் ஒரு படி கீழே உட்கார்ந்தாள். "கை வலிச்சிதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப வலிச்சிது" என்றார்.

பதில் வர பதினொரு நாள் ஆனது. சிஸ்டர் த்ரேசியாவின் குரல் களைத்திருந்தது.

"அண்ணா, நீங்க கேட்டத யோசிச்சுப் பாத்தேன். அந்த வாரம் எங்ககிட்ட வந்தது அறுபத்தி மூணு பேர். எந்தப் பக்கம்னு நாங்க எழுதறதில்ல, கேக்கறதும் இல்ல. நீங்க பாட்டில் பிடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அவன் பட்டாளக்காரன் இல்லன்னு நெனைக்கிறேன். ஆடு மேய்க்கற பையன் ஒருத்தன் இருந்தான், ரத்தம் நிக்க யாரோ தலையில துணி சுத்திவிட்டிருந்தாங்க. அவன்தானா, வேற ஆளான்னு என்னால சத்தியமாச் சொல்ல முடியல. ஆடு மேய்க்கற பையன் பொழைச்சான், நடந்து போனான். வேற ஆளா இருந்தா, தெரியல. இந்தப் பக்கத்துல புருவத்துல தழும்பு நெறைய பேருக்கு உண்டு அண்ணா. சின்ன வயசுல கீறிவிடுவாங்க."

தமிழ்மணி அதை எத்தனை தடவை கேட்டார் என்று கணக்கில்லை. ஆட்டுக்காரப் பையன் என்றால், இரண்டு வருஷம் தான் சுமந்தது எதை? அவனே என்றால், சிஸ்டர் ஏன் ஆட்டுக்காரன் என்கிறார்? தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ? சிஸ்டர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் காய்ச்சலில் கிடக்கிறவர்களிடம் நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவர் சொல்வதை இவரே கேட்டிருக்கிறார். அன்று பிற்பகல் முதல்முறையாக அவர் நிறம் பார்க்கத் தவறினார். சூளையில் ஒரு வரிசைப் பொம்மைகள் கழுத்து சாய்ந்து போயின. முதலாளி திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்புக்கரசிக்கு அந்த மெசேஜை அப்படியே அனுப்பிவிட்டார். அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இதற்கிடையில் மலையில் வேலை நடந்தது. குக்கு விரிசலை வெட்டி, பானைப் பொடி அதிகம் போட்ட மண்ணால் அடைத்து, நிழலில் காய விட்டார். பன்னிரண்டு நாள் தொடக்கூடாது என்று சொன்னதற்கு ஒன்பதாம் நாளே கொளுத்தட்டுமா என்று கேட்டார். பரக்கத்துல்லா, இவர் சொல்லாமலேயே, அரபியில் நன்றாகத் திட்டிவிட்டார். பிறகு மூன்று நாள் சுள்ளி மட்டும் போட்டுச் சின்ன நெருப்பு. நாலாம் நாள் பெரிய நெருப்பு. ஆவணி முதல் வாரத்தில் ஒரு வீடியோ வந்தது. சுவர் நின்றது. புகை வெளுத்து, மெலிந்து, பிறகு புகை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. குக்கு கேமராவைப் பார்த்து நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. அன்புக்கரசி பூதாமூர் வீட்டுக்கே வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. பூங்கோதை வாங்கித் திறந்து பார்த்தாள். வத்தக்குழம்பு, பத்துப் பேர் சாப்பிடலாம்.

"அளவு எப்பவும் கூடிடுது அக்கா" என்றாள் அன்புக்கரசி.

எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவளே ஆரம்பித்தாள்.

"நீங்க அந்தப் பாட்டில எறக்கியிருந்தா, அவன் செத்திருந்தா, எனக்கு நிம்மதியா இருந்திருக்குமான்னு யோசிச்சுப் பாத்தேன் அண்ணே. சோறு வடிக்கும்போது, பஸ்ஸுல வரும்போது, எப்பவும் அதான். ஒரு சமயம் ஆமான்னு தோணுது. ஒரு சமயம், அது ஆடு மேய்க்கிற புள்ளையா இருந்திருந்தா எவ்ளோ பெரிய பாவம்னு தோணுது. ஒன்னும் நெலைக்க மாட்டேங்குது."

"எனக்கும் அப்படித்தாம்மா" என்றார் தமிழ்மணி.

வீடியோவைக் கேட்டாள். காட்டினார். சூளையை விட்டுவிட்டு, பின்னால் தெரிந்ததையே உற்றுப் பார்த்தாள். மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், ஒருத்தி மடியில் காலில் கட்டுப் போட்ட பிள்ளை, குறுக்கே வேகமாக நடந்துபோகும் டாக்டரின் முதுகு. "இவங்கெல்லாம் யாரு?" என்று கேட்டாள். வைத்தியத்துக்கு வந்தவர்கள் என்றார். மறுபடி போட்டுக் காட்டச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு. அவள் இரவு அங்கேயே தங்கியிருந்து, காலையில் அவர்களோடு பரக்கத்துல்லாவின் கடைக்கு வந்தாள். மழைக்காலம் முழுக்கச் சூளைக்கு மேல் கூரை போட வேண்டும் என்று தமிழ்மணி சொன்னார். பரக்கத்துல்லா சொல்லி முடித்தார். போனைக் கீழே வைக்காமல் அன்புக்கரசியைப் பார்த்தார்.

"நீ ஏதாவது சொல்லணுமாம்மா? சொல்லு, நான் சொல்லிடறேன்."

அவள் போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். பிறகு, "அந்த ரோட்டுப் பக்கம் அந்தக் கொத்தனாரு போனாருன்னா, எங்க வூட்டுக்காரர வச்ச எடத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க பாய்" என்றாள். அந்த இடத்துக்கு வழி கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த லாரி டிரைவர். அவர் ஊர் எது என்று குக்குவுக்குத் தெரியுமாம். பரக்கத்துல்லா தன் அரபியில் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னார். முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

குக்கு போகிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறார். மழை முடிகிற வரை அந்த ரோடு திறக்காது, அதற்குள் யார் கைக்கு அந்தப் பகுதி போகும் என்றும் தெரியாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அன்புக்கரசி ஞாயிறுதோறும் போன் செய்து, ஏதாவது வந்ததா என்று கேட்கிறாள்.

போட்டோ வந்தால் அந்த இடத்தை அடையாளம் சொல்ல முடியுமா என்பதுதான் தமிழ்மணிக்கு இப்போதைய கவலை. பக்கத்தில் ஒரு முள்மரம் நின்றது ஞாபகம் இருக்கிறது. அந்த ரோடு முழுக்க முள்மரங்கள்தான்.